இரு முறை கடல் கடந்த இளவரசன்

(நமது ஆலயத்தில் நவராத்திரி விழாவின் ஆறாம் நாள் இரவு ஆற்றிய உரை. மலர்க்குழுவினரின் விருப்பத்திற்கிணங்க எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



நவராத்திரியின் நடு மூன்று நாட்கள் திருமகளுக்குரியவை. திருமகள் என்றதும் நமக்குப் பணம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் நம் முன்னோர் திருமகளை எட்டு வடிவில் வணங்கினார்கள். அவற்றுள் ஒன்று விஜயலட்சுமி, அதாவது வெற்றித் திரு. வெற்றி எப்படி வருகிறது, வந்த வெற்றி ஏன் போகிறது, போன வெற்றி எப்படித் திரும்புகிறது என்பதை ஓர் இளவரசனின் வாழ்க்கையைக் கொண்டு இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அந்த நாவலில் மாமல்லரின் நண்பனாக இலங்கை இளவரசன் மானவன்மன் வருகிறான். கதையில் அவன் துணைப் பாத்திரம். படித்து முடித்ததும் சிவகாமியை நினைக்கிறோம், மாமல்லரை நினைக்கிறோம், பரஞ்சோதியை நினைக்கிறோம், மானவன்மனை மறந்துவிடுகிறோம். ஆனால் அவன் கற்பனைப் பாத்திரமல்லன். வரலாற்றில் வாழ்ந்தவன். மானவர்மன் என்பது அவன் பெயர். இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தின் தொடர்ச்சியாகப் பாலி மொழியில் எழுதப்பட்ட சூளவம்சம் அவன் கதையை விரிவாகச் சொல்கிறது. இன்றிரவு அவன்தான் நமது கதாநாயகன்.

அமைதியில்லாத அரியணை

கி.பி. 7ஆம் நூற்றாண்டு. இலங்கையின் தலைநகர் அநுராதபுரம். அந்த அரியணைக்கு அப்போது அமைதியே இல்லை. ஒருவன் அமர்வான், மற்றவன் கடல் கடந்து தமிழகம் வருவான், கூலிப்படை திரட்டிக்கொண்டு திரும்புவான், அமர்ந்திருப்பவனை விரட்டுவான். விரட்டப்பட்டவன் அதே கடலைக் கடந்து அதே வழியில் படை திரட்டுவான். ஊஞ்சல் ஆடுவதுபோல் ஆட்சி ஆடிக்கொண்டிருந்தது.

சீன யாத்திரிகர் யுவான் சுவாங் ஏறத்தாழ 640ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்துக்கு வந்தார். அங்கிருந்து இலங்கைக்குப் போக எண்ணினார். அப்போது இலங்கையிலிருந்து காஞ்சிக்கு வந்து சேர்ந்த பௌத்த பிக்குகள், "அரசர் இறந்துவிட்டார், நாட்டில் பஞ்சமும் குழப்பமுமாக இருக்கிறது" என்று சொன்னார்கள். யாத்திரிகர் பயணத்தைக் கைவிட்டார். அரசுரிமைச் சண்டையால் சாதாரண மக்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இந்த இடத்தில் நம் நெகிரி செம்பிலானை நினைத்துப் பாருங்கள். நம் மாநிலத்தில் யாங் டி பெர்துவான் புசார் அவர்களைச் சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜோஹோல், ரெம்பாவ் ஆகிய நான்கு பகுதிகளின் உண்டாங் எனப்படும் தலைவர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். அரச குடும்பத்தில் யாருக்கு உரிமை, யார் தேர்ந்தெடுப்பது என்பதெல்லாம் அடாட் மரபில் வகுக்கப்பட்டிருக்கிறது. முறை ஒன்று இருந்து, அதை எல்லாரும் மதித்தால் சண்டைக்கு இடமில்லை. அநுராதபுரத்திலும் அண்ணனுக்குப் பின் தம்பி என்ற வழக்கம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்நாளில் அதை மதித்தவர்கள் குறைவு. வாளை நம்பியவர்கள் அதிகம்.

மானவர்மனின் தந்தை இரண்டாம் காசியபன். அவன் இலங்கையை ஆண்ட அரசன். அவனுக்குப் பிறகு அரியணை அவன் பிள்ளைகளுக்கு வரவில்லை. எதிர்த்தரப்பைச் சேர்ந்த ஒருவன் தமிழகத்திலிருந்து படையோடு வந்து இறங்கி, இரண்டாம் தாதோபதிசன் என்ற பெயரில் முடிசூடிக்கொண்டான். மானவர்மன் மலையநாட்டுத் தலைவனின் மகளான சங்கா என்பவளை மணந்து, இலங்கையின் வடபகுதியில் மறைந்து வாழ்ந்தான். மறைவிடம் அரசனுக்குத் தெரிந்துவிட்டது. இனி இலங்கையில் இருந்தால் தலை தங்காது என்று கண்டு, கடல் கடந்து பல்லவ நாட்டுக்கு வந்து சேர்ந்தான்.

காஞ்சியில் ஓர் இளநீர்

அப்போது காஞ்சியில் வீற்றிருந்தவன் நரசிம்மவர்மன். மற்போரில் வல்லவனாதலால் மாமல்லன் எனப் பெயர் பெற்றவன். மகேந்திரவர்மனின் மைந்தன். அவன் பெயராலேயே மாமல்லபுரம் விளங்குகிறது.

மானவர்மன் வந்ததும், "எனக்குப் படை கொடுங்கள்" என்று கேட்கவில்லை. இதை நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும். ஓர் அரசகுமாரன், மற்றோர் அரசனிடம் ஊழியத்தில் சேர்ந்தான். இரவு பகல் பாராமல் பணி செய்தான். நம்பிக்கை பெற்ற பிறகு மனைவியை அழைத்து வந்தான். அவர்களுக்குக் காஞ்சியில் நான்கு ஆண்மக்களும் நான்கு பெண்மக்களும் பிறந்தார்கள் என்று சூளவம்சம் சொல்கிறது. எட்டுப் பிள்ளைகள் பிறந்து வளரும் காலம் என்றால் எத்தனை ஆண்டுகள் என்று தாய்மார்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த நூலில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. ஒருநாள் நரசிம்மவர்மனும் மானவர்மனும் ஆளுக்கொரு யானைமேல் போய்க்கொண்டிருக்கிறார்கள். மன்னனுக்குத் தாகம். இளநீர் வந்தது. பாதி குடித்துவிட்டு மீதியை மானவர்மனிடம் நீட்டினான். அந்தக் காலத்தில் எச்சில் என்பது எவ்வளவு பெரிய காரியம்! அதுவும் அரசகுலத்தவனுக்கு மற்றவன் எச்சிலைக் கொடுப்பது இழிவாகக் கருதப்படக்கூடிய செயல். மானவர்மன் ஒரு கணம் எண்ணினான். 'இவர் என் நண்பர். நண்பருடையதில் எச்சில் ஏது?' என்று வாங்கிப் பருகினான். அதைக் கண்ட நரசிம்மவர்மன், மானவர்மன் குடித்து மீந்ததைத் திரும்ப வாங்கித் தானும் பருகினான்.

ஐயா, இதுதான் ஒப்பந்தம். முத்திரையிட்ட ஓலை இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. ஓர் இளநீர்க் காயில் இரண்டு அரசர்கள் சமமாகிவிட்டார்கள். அன்றிலிருந்து அகதி என்றும் ஆண்டவன் என்றும் வேறுபாடு போயிற்று.

போர்க்களத்துக்கு வராதே என்றான்

பிறகு வல்லபன் நரசிம்மவர்மன்மேல் படையெடுத்து வந்ததாகச் சூளவம்சம் கூறுகிறது. வல்லபன் என்பது சாளுக்கிய மன்னர்களின் பட்டப்பெயர். இரண்டாம் புலிகேசியைத்தான் இது குறிக்கிறது என்று பலர் கருதுகிறார்கள். புலிகேசி, காஞ்சிக்கு அருகே மணிமங்கலம் வரை வந்து தோற்றான். பல்லவர் படை அவனைத் துரத்திச் சென்று 642ஆம் ஆண்டில் வாதாபியைக் கைப்பற்றியது. நரசிம்மவர்மனின் கல்வெட்டு இன்றும் வாதாபியில் இருக்கிறது.

அந்தப் போருக்குப் புறப்படும்போது நரசிம்மவர்மன் நினைத்தான்: 'தன் தந்தையின் நாட்டைத் திரும்பப் பெறுவதற்காக இவன் எனக்கு உழைக்கிறான். என் போரில் இவன் மடிந்தால் இவன் உழைப்பும் வீண், என் எண்ணமும் வீண்.' ஆகவே மானவர்மனை நகரத்திலேயே இருக்கச் செய்துவிட்டுப் போனான்.

மானவர்மனும் நினைத்தான்: 'நான் உயிரோடு இருக்க, என் நண்பன் களத்தில் வீழ்ந்தால் இந்த உயிரால் என்ன பயன்?' அவன் தன்னளவில் ஆட்களைத் திரட்டிக்கொண்டு, யானைமீதேறிப் போர்க்களத்தின் நடுவே போய் நின்றான். இருவரும் சேர்ந்து பொருதனர். வெற்றி கிட்டியது. நரசிம்மவர்மன் அவனைத் தழுவிக்கொண்டான்.

ஒருவன் மற்றவனைக் காப்பாற்ற நினைக்கிறான். மற்றவனும் அவ்வாறே நினைக்கிறான். திருவள்ளுவர் நட்பைப் பற்றி 'நட்பு' முதல் 'கூடாநட்பு' வரை ஐந்து அதிகாரங்கள் பாடி, அவற்றைப் பொருட்பாலில் வைத்தது ஏன் என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. பொருட்பால் அரசையும் பொருளையும் பற்றியதாயிற்றே, அங்கே நட்புக்கு என்ன வேலை? மானவர்மன் கதைதான் விடை. அரசுக்கு அடிப்படை நட்பு.

முதல் வெற்றி, முதல் தோல்வி

இப்போது நரசிம்மவர்மன் தானாகவே படை கொடுத்தான். கப்பல்கள் புறப்பட்டன. பல்லவர்களின் பெருந்துறைமுகமான மாமல்லபுரத்திலிருந்தே அவை புறப்பட்டிருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். மானவர்மன் இலங்கையில் இறங்கினான். தாதோபதிசன் தோற்று ஓடினான். நாடு கைக்கு வந்துவிட்டது. கதை இங்கே முடிந்திருந்தால் நமக்குப் பாடமில்லை.

அந்த நேரத்தில் ஒரு செய்தி கடல் கடந்து வந்தது: நரசிம்மவர்மன் நோயுற்றிருக்கிறான். அவ்வளவுதான். வந்த படை கப்பலேறித் தாய்நாடு திரும்பிவிட்டது. அவர்கள் மேல் தவறில்லை. அவர்கள் பல்லவனின் வீரர்கள். அவர்கள் மனம் காஞ்சியில் இருந்தது. தங்கள் அரசன் படுத்திருக்கும்போது அடுத்தவன் அரியணையை ஏன் காக்க வேண்டும்?

ஓடிய தாதோபதிசன் இதை அறிந்து, ஆள் திரட்டிக்கொண்டு வந்தான். மானவர்மனிடம் மிஞ்சியிருந்தவர்கள் சொற்பம். 'நின்று போரிட்டு மாண்டால் பகைவன் மனம் குளிரும். மறுபடியும் போய்ப் படை கொண்டு வருவேன்' என்று முடிவு செய்து, வென்ற நாட்டை விட்டுவிட்டு மீண்டும் கப்பல் ஏறினான்.

இரவல் படையால் பிடித்த நாடு இரவல் நாடுதான். கொடுத்தவனுக்குத் தலைவலி வந்தால் நம் தலையிலிருந்து கிரீடம் இறங்கிவிடும்.

இதைச் சொல்லும்போது நம் முன் மண்டபம் நினைவுக்கு வருகிறது. வயதில் மூத்தவர்களுக்குத் தெரியும். முதல் தடவை திருப்பணி தொடங்கியபோது, நல்ல மனம் படைத்த ஒரே ஒரு புரவலர் முழுச் செலவையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். நாங்கள் செயலவையினர் மகிழ்ந்து போனோம். வீடு வீடாகப் போய் ரசீதுப் புத்தகம் நீட்ட வேண்டியதில்லை அல்லவா! தூண்கள் எழும்பின. அந்தப் பெரியவர் நோயில் விழுந்தார். வேலை நின்றது. கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. அவரை யார் குறை சொல்ல முடியும்? குறை எங்களுடையது. நாங்கள் ஊரைச் சேர்க்காமல் ஒருவரை மட்டும் சேர்த்தோம். இரண்டாவது தடவை குடும்பத்துக்கு மாதம் 5 ரிங்கிட் என்று வைத்தோம். மெதுவாகத்தான் எழும்பியது. ஆனால் இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் மண்டபம் அதுதான். யார் படுத்தாலும் இது நிற்கும்.

காத்திருப்பு

காஞ்சிக்குத் திரும்பிய மானவர்மனை எண்ணிப் பாருங்கள். வெறுங்கையோடு வந்திருக்கிறான். அரண்மனையில் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். "கொடுத்ததைக் காப்பாற்றத் தெரியாதவன்" என்று முணுமுணுத்திருப்பார்கள். அவன் மனம் கசந்து ஒதுங்கிப் போகவில்லை. பழைய ஊழியத்தையே மறுபடி மேற்கொண்டான். அநுராதபுரத்தில் அரசர்கள் மாறினார்கள். தாதோபதிசன் மறைந்து நான்காம் அக்கபோதி வந்தான். அவனுக்குப் பின் தத்தன். அவனுக்குப் பின் ஹத்ததாடன். காஞ்சியில் மானவர்மனுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது.

நம் கெமாஸ் ரயில் சந்திப்பு ஊர். மேற்குக் கரைப் பாதையும் தும்பாட் வரை போகும் கிழக்குக் கரைப் பாதையும் பிரியும் இடம். வண்டி மாற இறங்கியவர்கள் நடுநிசியில் இந்த நிலையத்தில் காத்திருந்ததை நாம் பார்த்திருக்கிறோம். காத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் மூட்டையைத் தலைக்கு வைத்துத் தூங்கி, வண்டியைத் தவற விடுவார். மற்றவர் விழித்திருப்பார், பக்கத்திலிருப்பவரின் குழந்தைக்குத் தண்ணீர் கொடுப்பார், மணியடித்ததும் ஏறுவார். மானவர்மன் இரண்டாம் வகை.

இங்கே ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைக் கேள்வி கேட்கக் கூடாது. மாமல்லனின் ஆட்சி 668ஆம் ஆண்டளவில் முடிகிறது. மானவர்மன் முடிசூடியதோ 684ஆம் ஆண்டளவில் என்று கணக்கிடுகிறார்கள். சூளவம்சம் இரண்டு முறையும் உதவியவன் நரசிம்மன் என்றே சொல்கிறது. ஆகவே இரண்டாம் முறை உதவியவன், காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராஜசிம்மனாகிய இரண்டாம் நரசிம்மவர்மன் என்று கருதுவோரும் உண்டு. அறிஞர்கள் வாதிடட்டும். நான் நூல் சொல்லும் போக்கிலேயே மேலே சொல்கிறேன். பல்லவர் தரப்பிலும் சான்று இருக்கிறது. காசாக்குடிச் செப்பேடு, நரசிம்மவர்மனின் இலங்கை வெற்றியை இராமபிரானின் வெற்றிக்கும் மேலாக வைத்துப் புகழ்கிறது.

முரசு ஒலித்தது

ஒருநாள் நரசிம்மவர்மன் தனக்குள் சொல்லிக்கொண்டான்: 'என் நண்பன் நாட்டை நினைத்தே என்னிடம் முதுமையை எட்டிவிட்டான். அவனுக்கு அவன் நாட்டைத் தராமல் நான் ஆள்வதில் என்ன பொருள்?' மீண்டும் கப்பல்கள் ஆயத்தமாயின. படை கரையில் திரண்டது.

ஆனால் வீரர்கள், "நாங்கள் போக மாட்டோம்" என்றார்கள். முன்பு ஒருமுறை போய்த் திரும்பியவர்கள் அல்லவா? அயலான் ஒருவனுக்காக இன்னொரு தரம் கடலில் இறங்க அவர்களுக்கு மனமில்லை.

நரசிம்மவர்மன் ஒரு வழி செய்தான். தன் அணிகலன்களையும் அரச சின்னங்களையும் மானவர்மனுக்கு அளித்தான். தன் அரச முரசையும் கொடுத்துக் கப்பலில் ஏற்றினான். தான் மறைவாக இருந்துகொண்டான். கடலிலிருந்து முரசொலி கேட்டதும், "நம் அரசரே புறப்பட்டுவிட்டார்!" என்று படை முழுவதும் கப்பலேறியது.

இது தந்திரம்தானே, ஏமாற்றுத்தானே என்று ஒரு மாணவன் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இதையும் பாருங்கள். முதல் முறை நரசிம்மவர்மன் தன் படையைக் கொடுத்தான். இரண்டாம் முறை தன்னையே கொடுத்தான். அரசனுக்கு முரசைக் கொடுப்பதென்றால் உயிரைக் கொடுப்பது போல. அன்று யானைமேல் இளநீரைப் பகிர்ந்தவன், இன்று கடற்கரையில் தன் அரசையே பகிர்ந்தான்.

மானவர்மன் இலங்கையில் இறங்கினான். ஹத்ததாடன் போரில் தோற்று மாண்டான். இரண்டாம் முறையாக அநுராதபுரம் மானவர்மன் வசமாயிற்று.

பொத்தகுட்டன்

வெற்றிக்கு நடுவே ஒரு துயரக் கதையும் உண்டு. ஹத்ததாடனையும் அவனுக்கு முன் தத்தனையும் அரியணையில் ஏற்றிவைத்தவன் பொத்தகுட்டன் என்ற தமிழன். அரசர்கள் பெயருக்கு இருந்தார்கள். அதிகாரம் இவன் கையில் இருந்தது. தோல்விக்குப் பின் அவன் மேருகந்தரம் என்ற பகுதிக்குத் தப்பி ஓடி, அங்கிருந்த நண்பனிடம் அடைக்கலம் புகுந்தான். அந்த நண்பனுக்குத் தர்மசங்கடம். அடைக்கலம் வந்தவனைக் காட்டிக் கொடுப்பது துரோகம். காட்டிக் கொடுக்காவிட்டால் அரசனுக்குக் குற்றம். அவன் நஞ்சு கலந்த பலகாரத்தைத் தானே தின்று உயிர் விட்டான். பொத்தகுட்டனும் அதே பலகாரத்தைத் தின்று இறந்தான்.

இந்தக் காலத்தில் பழைய வரலாற்றைப் படிப்பவர்கள் உடனே தமிழர் ஒரு பக்கம், சிங்களவர் மறுபக்கம் என்று கோடு போட்டுவிடுகிறார்கள். அந்தக் கோட்டை இங்கே எங்கே போடுவது? இலங்கை இளவரசனுக்காகக் காஞ்சிப் படை போரிடுகிறது. அவனை எதிர்த்து நின்ற அரசனுக்குப் பின்னால் இருப்பவனும் தமிழன். இருவருக்கும் உயிர் கொடுக்க நண்பர்கள் இருந்தார்கள். கோடு இனத்தின்மேல் ஓடவில்லை. நட்பின்மேலும் நம்பிக்கையின்மேலும்தான் ஓடியது. நம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெற்றதைக் காப்பது

மானவர்மன் அதன்பின் 35 ஆண்டுகள் ஆண்டான். 718ஆம் ஆண்டளவில் மறைந்தான். ஊஞ்சலாடிய அரியணை நின்றுவிட்டது. அவனுக்குப் பின் அவன் மக்கள் ஐந்தாம் அக்கபோதி, மூன்றாம் காசியபன், முதலாம் மகிந்தன் ஆகிய மூவரும் அண்ணன் தம்பி முறைப்படி, ஒருவர் பின் ஒருவராக ஆட்சிக்கு வந்தார்கள். அவர்கள் தந்தை இரண்டு முறை கடல் கடந்து பெற்ற நாடு அது. அகதி வாழ்வின் அருமையும் கொடுமையும் அவர்களுக்குத் தெரியும்.

அவர்களில் மகிந்தன் செய்ததுதான் என் நெஞ்சைத் தொட்டது. நாடு அவன் கைக்கு வந்தபோது அவனுடைய பழைய நண்பன் நீலன் என்பவன் உயிரோடு இல்லை. "அவன் இல்லாத இந்த அரசுரிமை எனக்கு இன்பம் தராது" என்று, முடிசூட்டிக்கொள்ளாமல் இளவரசுப் பட்டத்தோடேயே நாட்டை நடத்தினான் என்று சூளவம்சம் கூறுகிறது. தந்தை அரியணைக்காக ஆயுளில் பாதியைக் காத்திருந்தான். மகன் நண்பனுக்காகக் கிரீடத்தை வேண்டாமென்றான். இளநீரைப் பகிர்ந்தவனின் பிள்ளை அப்படித்தானே இருப்பான்!

மானவர்மன் தொடங்கிய மரபு ஏறத்தாழ 300 ஆண்டுகள் நீடித்தது. இலங்கைக் கலையில் பல்லவர் சாயல் படிந்தது. மாத்தளைக்கு அருகில் நாலந்தா என்னுமிடத்தில் உள்ள கருங்கல் கட்டடத்தைப் பார்ப்பவர்களுக்கு மாமல்லபுரம் நினைவுக்கு வரும்.

அந்த மரபு எப்படி முடிந்தது? ஐந்தாம் மகிந்தன் காலத்தில் படைவீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. அவர்கள் அரண்மனையை முற்றுகையிட்டார்கள். அரசன் தெற்கே உரோகணத்துக்குத் தப்பி ஓடினான். அந்தக் குழப்பத்தில் சோழர்கள் நுழைந்தார்கள். 1017ஆம் ஆண்டளவில் முதலாம் இராஜேந்திர சோழன் மகிந்தனைச் சிறைப்பிடித்துச் சோழ நாட்டுக்குக் கொண்டுபோனான். அவன் அங்கேயே இறந்தான். அதே இராஜேந்திரன்தான் 1025இல் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பினான். நம் மலாயா மண்ணின் கெடாதான் அந்தக் கடாரம்.

முதல்வன் இரவல் படையால் நாட்டைப் பெற்று இழந்தான். பின்பு நம்பிக்கையால் பெற்று வைத்திருந்தான். கடைசியாக வந்தவன் தன்னை நம்பி நின்றவர்களுக்குச் சோறு போடவில்லை; நாட்டை இழந்தான். 300 ஆண்டு வரலாற்றின் சாரம் இவ்வளவுதான்.

நமது நாற்காலிகள்

நேரமாகிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

நமக்கு அரியணை கிடையாது. ஆனால் நாற்காலிகள் இருக்கின்றன. செயலவை நாற்காலி, சங்க நாற்காலி, பெற்றோர் சங்க நாற்காலி. அவற்றுக்காக நாம் போட்ட சண்டைகள் அநுராதபுரத்துக்குக் குறைந்தவையல்ல. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் பதவிக்கு நின்று நான் தோற்றேன். வெற்றி எனக்கே என்று நம்பியிருந்தேன். எனக்குக் கைதூக்குவதாகச் சொன்னவர்கள் பலர் எனக்காகச் சொல்லவில்லை, என்னோடு இருந்த ஒருவருக்காகச் சொன்னார்கள். அவர் அன்று கூட்டத்துக்கு வரவில்லை, அவர்களும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். இரண்டு ஆண்டுகள் இந்தக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நடத்திக்கொண்டிருந்த தேவார வகுப்பையும் நிறுத்திவிட்டேன்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஓர் ஆசிரியன், தோற்ற மாணவனைப்போல் புத்தகத்தை வீசிவிட்டுப் போனேன். அந்த இரண்டு ஆண்டில் வகுப்புக்கு வந்திருக்க வேண்டிய பிள்ளைகள் சிலர் பிறகு வரவே இல்லை. பதவி போனதற்கு நான் இப்போது வருந்தவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குத்தான் வருந்துகிறேன். மானவர்மனும் தோற்றான். திரும்பிப் போய் நரசிம்மவர்மனிடம் பழைய ஊழியத்தையே செய்தான். எனக்கும் அவனுக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம் வருகிறது. நிற்பவர்கள் நில்லுங்கள். வெல்பவர்கள், உங்களுக்குக் கைதூக்கியவர்கள் யாருக்காகத் தூக்கினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு வேண்டியதைச் செய்யுங்கள். தோற்பவர்கள் மறுநாள் காலையில் வழக்கம்போல் வந்து விளக்கைத் துடையுங்கள், தோரணம் கட்டுங்கள், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுங்கள். தோற்ற பிறகும் வருகிறவரைத்தான் ஊர் நம்பும். அப்படி வந்த நம்பிக்கையில் கிடைக்கும் வெற்றித் திரு யார் நோயுற்றாலும் கப்பலேறிப் போகமாட்டாள்.

 சுண்டல் தயாராகிவிட்டது என்று மடப்பள்ளியிலிருந்து சைகை காட்டுகிறார்கள். அம்மன் அருளால் அனைவரும் நலமுடன் வாழ்க. வணக்கம்.